டவுனும் தோட்டமும்: மலையகச் சிறுநகரக் கதைகளில் தப்பெண்ணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, அப்புத்தளை போன்ற ஊர்களில் கதை எழுதப் பழகும் பிள்ளைகளோடும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களோடும் பல ஆண்டுகளாக உட்கார்ந்து பேசி வருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிச் சொல்லித் திருத்திக்கொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு சிறிய நகரம் தன்னை அண்டி வாழும் மக்களை இளக்காரமாகப் பார்க்கும்போது, அந்தப் பார்வை அவர்களுடைய வாழ்க்கையில் எங்கே போய் இடிக்கிறது, அதைக் கதையில் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றியவையே இவை அனைத்தும்.

மலையகக் கதை என்றால் தோட்டத்தைப் பற்றித்தானே எழுத வேண்டும்? நகரத்தை ஏன் களமாக எடுக்கச் சொல்கிறீர்கள்?

தோட்டத்தில் அதிகாரத்துக்கு ஒளிவுமறைவு கிடையாது. தோட்டத்தை நடத்தும் துரை, கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை, கூலியாட்களை மேய்க்கும் கங்காணி என்று படிப்படியாக இறங்கி வரும் ஏணியில் யார் யாரை அதட்டலாம் என்பது விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்களத்திலேயே தெரிந்துவிடும். அங்கே நடக்கும் அநியாயத்தை எழுத நமக்கு முன்னோர் வழி காட்டியிருக்கிறார்கள். நகரத்தின் கதை வேறு. துணிக்கடைக்காரர் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மேலதிகாரி அல்லர். அவளுடைய கூலியை நம்பித்தான் அவர் கடையே திறந்திருக்கிறார். அவளை மட்டமாக நடத்த அவருக்கு எந்தச் சட்டமும் உரிமை தரவில்லை, அப்படி நடத்துவதால் அவருக்கு ஆதாயமும் இல்லை. இருந்தும் அவர் அப்படித்தான் நடத்துகிறார் என்றால், கூலிக்கணக்கோ வேலைக்கட்டாயமோ கலக்காத தப்பெண்ணத்தை நாம் அங்கே தனியாகப் பார்க்க முடிகிறது.

சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்த நகரங்களில் எதிலேனும் பஸ் நிலையத்துக்கு எதிரே நின்று பாருங்கள். சில்லறைக் கடையில் கடன் எழுதும் பற்றுக் கொப்பி திறக்கப்படும். அடகுக்கடையில் தோடும் மூக்குத்தியும் மீட்கப்படும், அல்லது வட்டி மட்டும் கட்டப்பட்டு மறுபடி உள்ளே போகும். பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கப்படும். அன்றைய வியாபாரத்தை வைத்துத்தான் அந்தக் கடைவீதி மாதம் முழுவதும் மூச்சு விடுகிறது. அதே கடைவீதி, அதே நாளில், 'இன்னைக்கு டவுன் பூராவும் தோட்டத்து ஆளுங்க' என்று முகம் சுளிக்கிறது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்துக்குள் கொண்டுவரக்கூடிய களம் சிறுநகரம் ஒன்றுதான்.

தப்பெண்ணம், பாரபட்சம், அடக்குமுறை ஆகியவை ஒன்றுதானா?

எழுதுகிறவர் பிரித்துப் பார்த்தால் நல்லது. தப்பெண்ணம் மனத்தில் இருக்கிறது. பாரபட்சம் கையில் இருக்கிறது. அடக்குமுறை சட்டமாகக் காகிதத்திலும் இருக்கிறது. முதலாவதைக் கதாசிரியர் காட்ட வேண்டுமானால் மற்ற இரண்டின் வழியாகத்தான் காட்ட இயலும். இதற்கு மேல் வரையறை தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் எண்ணம்.

கதையில் வரலாறு எவ்வளவு வர வேண்டும்?

கதையில் கொஞ்சம் வந்தால் போதும். எழுதுகிறவருக்கு நிறையத் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரரின் பார்வை அவருடைய சொந்தக் குணத்திலிருந்து மட்டும் வந்ததன்று. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே, தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த நம்மவர் 'இந்தியத் தமிழர்' என்று தனி வகுப்பாக எண்ணப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இந்நாட்டில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கச் சொன்னது. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், அந்தக் காகிதத்தை எங்கே போய்த் தேடுவது? 1947 தேர்தலில் வாக்களித்த மக்கள் 1952 தேர்தலில் வாக்களிக்க முடியாமல் நின்றார்கள். எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை 1947 இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றவர். அவரை அனுப்பிய மக்களின் பெயர்கள் அடுத்த தேர்தலுக்குள் வாக்காளர் இடாப்பிலிருந்து மறைந்துபோயின.

அதன் பிறகு 1964 ஒக்டோபரில், இலங்கை, இந்தியப் பிரதமர்களின் பெயரால் வழங்கும் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. குடியுரிமை இல்லாத 9,75,000 பேரை இரண்டு நாடுகள் மேசையில் வைத்துப் பிரித்துக்கொண்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சமும் 1974 இல் பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டது. நாடற்றவர் என்ற நிலை சட்டத்தில் தீர்வதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த எண்களைக் கதைக்குள் கொட்ட வேண்டாம். ஆனால் 1970 இல் நடக்கும் ஒரு கதையில் கடைக்காரர் கடன் தர மறுக்கிறார் என்றால், 'இவன் அடுத்த கப்பலில் போய்விடுவான், கடனை யாரிடம் வாங்குவது' என்ற நினைப்பு அவர் மனத்தில் இருந்திருக்கும் என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் ஒரு சமூகத்தைத் தற்காலிக மனிதர்களாக அறிவித்தபோது, சில்லறைக் கடையின் பற்றுக் கொப்பியும் அவர்களை அப்படியே எழுதத் தொடங்கியது.

'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' போன்ற சொற்களைக் கதையில் எழுதலாமா?

கதையில் ஒருவர் சொல்லியிருப்பார் என்றால் எழுதத்தான் வேண்டும்; மறைத்து எழுதினால் சொன்னவருக்கே உதவி செய்கிறோம். எழுதும்போது அந்தச் சொல் என்ன பொய்யைச் சுமக்கிறது என்று அறிந்து எழுதுங்கள். 'கள்ளத்தோணி' என்று இழிக்கப்பட்ட குடும்பங்களின் முன்னோர் பலர் அரசாங்கம் அறிய, மண்டபம் முகாமில் நிறுத்திப் பரிசோதிக்கப்பட்டு, தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தலைமன்னார் வழியாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களைப் போலப் பதிவோடு வந்தவர்கள் இந்தத் தீவில் அதிகம் பேர் இல்லை.

இருந்தாலும், வசைச்சொல்லை மட்டும் நம்பிக் கதை எழுதுவது போதாது என்று எப்போதும் சொல்வேன். நம் மொழியில் இளக்காரம் வினைமுற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. கல்லாவில் நிற்கும் 20 வயதுப் பையன் 60 வயது அம்மாவைப் பார்த்து 'என்னா வேணும், சொல்லு' என்கிறான். அந்த அம்மா அவனை 'மொதலாளி' என்கிறார். அவருக்குப் பின்னால் வந்து நிற்கும் எழுதுவினைஞரைப் பார்த்ததும் அதே பையனின் வாயில் 'வாங்க, உட்காருங்க' வந்துவிடுகிறது. இதில் வசை ஏதும் இல்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. 'சொல்லு' என்பதற்கும் 'சொல்லுங்க' என்பதற்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு விகுதியில் ஒரு நகரத்தின் முழு வரிசைக்கிரமமும் அடங்கியிருக்கிறது. தமிழில் எழுதுகிற நமக்குக் கிடைத்திருக்கும் கருவி இது. உரையாடல் எழுதும்போது ஒவ்வொரு விகுதியையும் யாருக்கு யார் கொடுக்கிறார், யாருக்கு மறுக்கிறார் என்று பார்த்து எழுதுங்கள்.

தப்பெண்ணத்தின் விளைவை எப்படிக் காட்டுவது? அவமானப்படும் காட்சி ஒன்று போதாதா?

போதாது. எழுத வருவோர் பெரும்பாலும் அவமானத்தை எழுதிவிட்டு, கண்ணீரோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அவமானம் நிகழ்வுதான், விளைவு அதற்குப் பல ஆண்டுகள் தள்ளி, வேறோர் இடத்தில், அவமானப்படுத்தியவரே இல்லாத ஓர் அறையில் வந்து நிற்கும். இதை விளக்க என் சொந்த அனுபவத்தைச் சொல்வதைத் தவிர வேறு நல்ல வழி தெரியவில்லை.

தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டு வரை படித்துவிட்டு, ஆறாம் ஆண்டுக்கு நகரத்துப் பாடசாலை ஒன்றில் சேர்ந்தேன். முதல் வாரம் வகுப்பாசிரியர் இடாப்பில் எழுதுவதற்காக ஒவ்வொருவரையும் எழுப்பி முகவரி கேட்டார். மற்றவர்கள் வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் சொன்னார்கள். நான் தோட்டத்தின் பெயரையும், டிவிசனையும், ஏழாம் நம்பர் லயத்தையும் சொன்னேன். பின் வாங்கில் ஒருவன் சிரித்தான். ஆசிரியர் சிரிக்கவில்லை, ஆனால் 'லயமா' என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதினார். அவ்வளவுதான் நடந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அடுத்த தடவை ஒரு படிவம் வந்தபோது, அப்பா பற்றுக் கொப்பி வைத்திருந்த நகரத்துக் கடையின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். தோட்டத்தில் இப்படிச் செய்யும் குடும்பங்கள் ஏற்கெனவே பல இருந்தன. லயத்துக்குத் தபால்காரர் நேரே வருவதில்லை, கடிதங்கள் தோட்டக் கந்தோருக்குப் போய் அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேர வேண்டும் என்பதும் ஒரு காரணம். ஆனால் எனக்குக் காரணம் அதுவன்று. அந்தச் சிரிப்புத்தான் காரணம்.

கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு வரும் கடிதங்களை முதலாளி அதற்குள் போட்டு வைப்பார். நாமே போய்த் துழாவிப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய்க் கை பட்டு உறைகளின் ஓரம் மஞ்சளாகியிருக்கும். உயர்தரப் பரீட்சை எழுதிய பிறகு ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் அந்தப் பெட்டியின் அடியில், ஒரு மணியோடர் துண்டுக்கும் பழைய கலண்டர் தாளுக்கும் நடுவில் கிடந்ததைத் தேர்வு முடிந்து 11 நாள் கழித்துப் பார்த்தேன். முதலாளி மெய்யாகவே வருந்தினார். 'கவனிக்கலையே தம்பி' என்று சொல்லித் தேநீர் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இப்போது கதாசிரியராக இதைப் பாருங்கள். சிரித்த பையனுக்கு அந்த நாள் நினைவிலேயே இருக்காது. ஆசிரியர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் உதவி செய்தவர். அனுப்பிய அலுவலகம் கொடுத்த முகவரிக்குச் சரியாகவே அனுப்பியது. ஆனாலும் ஒரு வேலை கைநழுவிப் போனது. எட்டு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சிரிப்பிலிருந்து பிஸ்கட் பெட்டியின் அடி வரைக்கும் போகும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போவதுதான் கதாசிரியரின் வேலை. இந்த நூலை அறுக்காமல் எழுதினால், அழுகைக் காட்சி ஒன்றுகூட இல்லாமலேயே படிப்பவர் நெஞ்சு கனக்கும்.

கதையில் வில்லன் வேண்டுமா?

வேண்டாம் என்று விதி போடமாட்டேன். கெட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். ஆயினும், ஒரு கெட்டவரை வைத்துவிட்டால் நகரத்தின் மற்றவர்கள் எல்லாரும் தப்பித்துக்கொள்கிறார்கள் என்பதை எழுதுகிறவர் மறக்கக் கூடாது. படிப்பவர் அந்த ஒருவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவார். நகரத்தில் தப்பெண்ணத்தைத் தாங்கிப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்: கோயில் திருவிழாவுக்குக் கொடுப்பவர்கள், வெள்ளம் வந்தால் சமைத்துப் போடுபவர்கள், ஆனால் பக்கத்தில் ஒரு தகாத சொல் விழும்போது தேநீரைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருப்பவர்கள். இந்த மௌனத்தை எழுதுவது கடினம். அதனால்தான் எழுத வேண்டும் என்கிறேன்.

நமக்குள்ளேயே இருக்கும் சாதியையும் எழுத வேண்டுமா? அது நம்மை நாமே காட்டிக்கொடுப்பது ஆகாதா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அறையில் சத்தம் அடங்கிவிடும். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: எழுத வேண்டும். பல தோட்டங்களில் லயங்களைப் பகிர்ந்தபோதே சாதி பார்த்துப் பகிர்ந்தார்கள். பெரிய கங்காணி தன் ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தபோது ஊரின் மேடு பள்ளத்தையும் சேர்த்தே கப்பலேற்றினார். பிரட்டுக்குத் தப்பு என்ற பறையை அடித்து எழுப்பியவர், சாவுக்கு அடித்தவர், அவருடைய பிள்ளைகள் திருவிழாவில் எங்கே நிற்கலாம் என்பதெல்லாம் துரை வகுத்த விதிகள் அல்ல.

நகரத்துக் கடையில் 'சொல்லு' என்று கேட்கப்பட்டதற்குக் கொதிக்கும் அதே தகப்பன், மகள் மேல்லயத்துப் பையனை விரும்புகிறாள் என்றதும் வெட்டரிவாளைத் தேடுகிறான். ஒருமுறை பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி இப்படி ஒரு கதை எழுதிக் கொண்டுவந்தாள். முதல் வடிவத்தில் தகப்பன் நகரத்தில் படும் அவமானம் மட்டும் இருந்தது. அதைப் படித்து எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு அவளே மாற்றி எழுதினாள்: கடையில் நின்றபடியே தேநீர் குடித்துத் திரும்பும் தகப்பன், அன்று மாலை சாவு வீட்டில் அடுத்த லயத்தார் கொடுத்த தேநீரைத் தொடாமல் கீழே வைக்கிறான். இரண்டு கோப்பைகள், ஒரே நாள். அதைப் படித்தபோது கைதட்டல் எழவில்லை. அவள் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது வடிவம்தான்.

காட்டிக்கொடுப்பது என்ற பயத்துக்கு இதையும் சொல்லியாக வேண்டும். நம்மை இழிவாகப் பார்ப்பவர்கள் நம் கதைகளைப் படித்துவிட்டு அப்படிப் பார்க்கத் தொடங்கவில்லை. மூடி வைத்தால் அவர்களுடைய எண்ணம் மாறப்போவதில்லை. அடுத்த லயத்துப் பிள்ளையின் கதைதான் எழுதப்படாமல் போகும்.

சிங்கள, முஸ்லிம் பாத்திரங்களையும், யாழ்ப்பாணத்து ஆசிரியர்களையும் எப்படி எழுதுவது?

அவர்களையும் பெயரும் வீடும் கவலையும் உள்ள மனிதர்களாக எழுதுங்கள். நகரத்தில் ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றி ஒரு முன்முடிவோடுதான் உலவுகிறார்கள். நம்முடையவர்களும் அதில் சேர்த்தி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் பலர் தோட்டத்துப் பிள்ளைகளைக் கைதூக்கி விட்டார்கள். 'உங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது' என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இந்த இரண்டும் ஒரே ஆசிரியரிடத்தில் இருந்ததையும் நான் கண்டிருக்கிறேன். அயலிலுள்ள சிங்களக் கிராமத்து விவசாயிக்கும் ஒரு மனக்குறை உண்டு: தன் முன்னோரின் மேட்டு நிலம் வெள்ளைக்காரனால் பறிக்கப்பட்டுத் தேயிலையானது என்று. அந்தக் குறை நியாயமானது. அது பறித்தவனைவிட்டு, கூலிக்கு வந்தவர்கள் மேல் திரும்பியதுதான் துயரம். அவருடைய பக்கத்திலிருந்து ஒரு பத்தியாவது எழுதிப் பார்க்காமல், அவர் கோபத்தைக் கதைக்குள் கொண்டுவர வேண்டாம்.

தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களை எழுதலாமா?

எழுதலாம், எழுத வேண்டும். 1977 ஆகஸ்டில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். 1983 யூலையில் பதுளையிலும் நுவரெலியாவிலும் கடைவீதிகள் எரிந்தன. ஆனால் தீயோடு கதையைத் தொடங்காதீர்கள். தீ வைத்தவர்களில் வெளியூரார் இருந்தார்கள்; எந்தக் கடை யாருடையது என்று கைகாட்டுவதற்கு மட்டும் ஊரறிந்த ஒருவர் தேவைப்பட்டது. அந்தக் கைகாட்டல் எத்தனை ஆண்டுகளாக ஆயத்தமாகி வந்தது என்பதுதான் உங்கள் கதை. ஒளித்து வைத்துக் காப்பாற்றிய அயலவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களும் அதே ஊரில்தான் வளர்ந்தார்கள்.

ஊரைவிட்டுப் போனவர்களைக் கதை பின்தொடர வேண்டுமா?

இயன்றால் பின்தொடருங்கள். 1964 ஒப்பந்தத்தின்படி கோச்சியேறி, அதாவது ரயிலேறி, தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போனவர்களில் பலர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டார்கள். அங்கும் தேயிலைதான், அங்கும் மலைதான். இங்கே 'இந்தியாக்காரன்' என்று அழைக்கப்பட்டவர்களுக்குக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் 'சிலோன்காரர்' என்று பெயர் வந்தது. வவுனியா அடங்கிய வன்னிக்குப் போனவர்களைத் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் அங்கேயும் முந்திக்கொண்டு போய்க் காத்திருந்தது.

போனவர்கள் எழுதிய கடிதங்கள் இங்கே லயத்து முகவரிக்கு வந்ததைவிடக் கடை முகவரிக்கு வந்ததே அதிகம். எனக்குத் தெரிந்த அந்தக் கடையின் பிஸ்கட் பெட்டியிலும் இந்தியத் தபால்தலை ஒட்டிய நீல உறைகள் கிடந்தன. அவற்றில் சிலவற்றை வாங்க யாரும் வரவில்லை, ஏனெனில் வாங்க வேண்டியவர்களும் அதற்குள் கோச்சியேறிவிட்டிருந்தார்கள்.